யூஜின் அண்ணை முடிக்காத பனிச்சறுக்குப் பலகை

யூஜின் அண்ணை போய்விட்டார். நேற்று மத்தியானம், மிச்சம் என்கிற ஊரின் ட்ராம் ஸ்டொப்புக்குப் பின்னால் இருக்கிற அவருடைய பட்டறை யூனிட்டில், பலகை செய்துகொண்டிருக்கும்போதே. மாரடைப்பு என்கிறார்கள்.

எல்லோரும் போன் பண்ணி எப்படி நடந்தது என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல அவருடைய மனைவி ஜெசிந்தா அக்காவுக்குத் தெம்பில்லை. "நீ எழுதிவிடு பிள்ளை. ஒண்டையும் மறைக்காத" என்றார். அதனால் எழுதுகிறேன்... எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணையும் நானும் ஒரே கம்பனியில் வேலை செய்தவர்கள். விமானப் பாகங்களுக்குக் கண்ணாடி நார்த்துணியும் ரெசின் என்கிற பசையும் போடுகிற வேலை. அதை விட்ட பிறகு, மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு போகிற பனிச்சறுக்குப் பலகைகளைச் செய்யத் தொடங்கினார்.

மன்னார்க்காரனுக்கு இது என்ன விசர் என்று சிரித்தோம். "பிளேனை விட இது நிம்மதி. விழுந்தா ஒராள்தான் விழும்" என்றார்.

ரெசினைக் கலந்துவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. இறுகுவதற்கு முன் எல்லாவற்றையும் அச்சில் அடுக்கி மூடியாக வேண்டும். கையுறை முழுக்கப் பசை, மணிக்கூட்டைத் தொட முடியாது. அதனால் அண்ணைக்கு மணிக்கூடு செபமாலைதான், பத்துப் பத்துச் செபமாக ஐந்து பத்து.

ஹரோவில் இருக்கிற வீட்டிலிருந்து அக்கா போனில் செபமாலை சொல்லுவார், இங்கே ஸ்பீக்கரில் கேட்கும். முதல் பத்து முடிவதற்குள் அடித்தகடும் இரும்பு விளிம்பும். இரண்டாம் பத்தில் நார்த்துணி. மூன்றாவதில் நடு மரம். நாலாவதில் மேல் நார்த்துணி. ஐந்தாவதில் மேல்தாளைப் போட்டு அச்சை மூடுவார்.

அண்ணை முகமூடி போட்டிருப்பார், ஃபேன் வேறு இரையும். ஒவ்வொரு செபத்துக்கும் அவர் சொல்லுகிற பதில் அக்காவுக்குக் கேட்காது. எல்லாம் முடிந்த பிறகு முகமூடியைக் கழற்றி "மூடியாச்சு" என்பார். அதுவரைக்கும் அக்கா நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அவருக்குக் கணக்குத் தப்பிவிடும்.

நேற்று அக்கா ஐந்து பத்தும் சொல்லி முடித்தார். "மூடியாச்சு" வரவில்லை... கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து யூனிட்காரருக்குப் போன் அடித்தார். அவர்கள் கதவைத் திறந்தபோது அண்ணை தரையில் கிடந்தார்.

இன்று காலையில் அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அவர் எந்தப் பத்தில விழுந்தவர் எண்டு பலகையைப் பாத்தா உனக்குத் தெரியும்தானே? வந்து பாத்துச் சொல்லு பிள்ளை."

தெரியும். அதற்காகவே போகப் பயமாக இருந்தது. அம்மாளாச்சி, இதை ஏன் என்னிடம் கேட்க வைத்தாய் என்று ட்ராமில் இருந்துகொண்டு அழுதேன்.

ஒருமுறை அக்கா நல்ல மனதோடு நடு மரத்தின்மேல் கோயில் தீர்த்தம் தெளித்துவிட்டார். ஈரத்தில் ரெசின் ஒட்டவில்லை. சரிவில் பாதி வழியில் பலகை வாயைப் பிளந்துவிட்டது. அண்ணை ஒரு சொல் கோபிக்கவில்லை. "தீர்த்தத்தை எனக்குத் தெளியும். மரத்தை விடும்" என்றார்.

நான் இடது காலை வன்னியில் விட்டுவிட்டு வந்தவள். கால் இழந்தவர்களுக்கான பனிச்சறுக்கு வகுப்பில் ஒற்றைப் பலகையில் பழகினேன். இடப்பக்கம் திரும்புவேன். வலப்பக்கம் திரும்பினால் விழுவேன். ஒவ்வொரு முறையும்.

"பிழை உன்னில இல்லை. அந்தப் பலகை ரெண்டு கால் உள்ள ஆளுக்குச் செஞ்சது" என்று அண்ணைதான் சொன்னார். வலப்பக்கம் திரும்பும்போது வலது காலின் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பில் நிற்க வேண்டும், அந்தப் பக்கம் காலுக்குப் பலம் குறைவு. அதனால் அந்த விளிம்புக்கு மட்டும் வளைவைக் கூட்டி எனக்கென்று ஒரு பலகையைத் தாளில் கீறினார். பழைய பலகையை இரண்டு கதிரைகளுக்கு நடுவே வைத்து, என்னை ஏறி நிற்கச் சொல்லி, எவ்வளவு வளைகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நேற்று அச்சில் இருந்தது அந்தப் பலகைதான்.

நான் போனபோது அக்கா யூனிட்டில் நின்றார். அச்சு திறந்தபடி. ரெசின் கல்லாக இறுகிவிட்டது. அடித்தகடு, விளிம்பு, நார்த்துணி, அதன்மேல் நடு மரம், துல்லியமாக. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. மேல் நார்த்துணி வெட்டியபடி மேசையில் கிடந்தது, ஒரு சொட்டு ரெசின் படாமல்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூண்டு முடிஞ்சுது அக்கா."

"அப்ப நாலும் அஞ்சும் நான் ஆருக்குச் சொன்னனான்?"

அக்கா நடு மரத்தைத் தடவினார்.

"மூண்டோட நிப்பாட்டி அம்புலன்சுக்கு அடிச்சிருந்தா..."

"உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்? அவற்ர சத்தம் ஒருநாளும் கேக்கிறேல்லையே" என்றேன். அக்காவின் காதில் அது விழவில்லை.

அச்சைப் பிடித்துக்கொண்டு நாலாம் பத்தைத் திரும்பச் சொல்லத் தொடங்கினார். நான் சைவ சமயத்தவள். ஆனால் அந்த யூனிட்டில் நின்று நின்று பதில் எல்லாம் எனக்குப் பாடம். அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாக, அழுது அழுது, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

ஐந்தாவதும் முடிந்தது. அக்கா கையிலிருந்த போனைப் பார்த்தபடியே நின்றார்.

போங்கோ அண்ணை... அக்காவைத் தனிய விடமாட்டம்.