பாடாமல் நின்ற கடைக்காப்பு

வாவியை நோக்கி வீற்றிருக்கும் ஆனைமுகப் பெருமானே, தொடங்கும் ஆசை என்னுடையது. முடிக்கும் வலிமை உன்னுடையது. என் கை நடுங்கும் இடத்தில் உன் கை துணை நிற்கட்டும்.

இன்று ஆவணி மாதத்து வளர்பிறைச் சதுர்த்தி. சாவுத் துடக்குக் கழிந்து நான் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்கப்போகும் நாளும் இதுவே. என் மைத்துனன், மனைவியின் தம்பி, அண்மையில் இறந்தான். மனைவி மக்கள் இல்லாத அவனுக்கு நானே கொள்ளி வைத்தேன். இன்று மாலைப் பூசையில் வழக்கம்போல் நான் பதிகம் பாட வேண்டும். பத்துப் பாட்டோடு நிறுத்துவதா, பதினோராவதையும் பாடுவதா என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை. அந்தத் தெளிவைத் தேடியே காலையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

பதிகத்தின் நிறைவாக வரும் பாட்டைக் கடைக்காப்பு என்பர். பாடிய அடியார் தம்மைச் சொல்லி, இப்பாடல்களை ஓதுவோருக்கு வரும் நன்மையையும் சொல்லி, வாயிற்கதவைச் சாத்துவதுபோல் முடித்துவைக்கும் பாட்டு அது. ஓதுவோரை இடர் அணுகாது என்று அது உறுதி கூறும். என் மனைவி பெண்கள் பக்கத்துத் தூணருகே அமர்ந்து மற்றப் பத்தையும் கண்மூடிக் கேட்டிருப்பாள். இதற்கு மட்டும் வாய் திறந்து என்னோடு சேர்ந்து பாடுவாள். பாட்டு முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளுக்கு எப்போதும் அடுத்த வேலை ஒன்று காத்திருந்தது.

கடல் ஊருக்குள் வந்த மார்கழிப் பௌர்ணமியன்றும் அப்படித்தான் எழுந்தாள். கடற்கரைப் பக்கம் குடியிருந்த தங்கைக்குப் பிரசாதம் கொடுக்கப் போனாள். கடைக்காப்பின் ஈற்றுச் சொல் என் நாவை விட்டு இறங்கியதுமே அவளுடைய சேலைத் தலைப்பு வாயிலைக் கடந்ததைக் கண்டேன். பின்னர் அவளை அடையாளம் காட்டியது வலக்கையில் மிஞ்சியிருந்த ஒற்றைக் காப்பு.

அன்று முதல் பதினோராம் பாட்டை நான் பாடவில்லை. கவனித்த சிலர் அதை என் கோபம் என்று எண்ணியிருக்கக்கூடும். இறைவனோடு எனக்குக் கோபம் இல்லை. பாட்டு முடிந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். முடியாதவரை தூணருகே இருக்கிறாள். பத்தாம் பாட்டை நான் நிறுத்தும்போது அந்தக் காப்பு கருங்கல்லில் உரசும் மெல்லிய ஒலி எனக்குக் கேட்கும். திருமுறை ஓதும் ஒருவன் இப்படி எழுதலாகாது என்பதை அறிவேன். கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதுவதும் ஆகாது.

அந்தக் காப்பை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவள் தம்பி. இளமையில் மட்டக்களப்பில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினோடு சேர்ந்து சாக்சபோன் ஊதப் பழகியவன். பிறகு கொழும்பு ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்துப் பிழைத்தான். அவள் போனபின், தலையும் நரைத்த காலத்தில், ஒரு பெட்டியோடும், காத்தான்குடிக் கடையில் வாங்கிய பூப்போட்ட சட்டைகளோடும் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தான்.

"அது என்ன சங்கீதமடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க பாடுற பதிகம் இரிக்கே மச்சான், அது ஊரறியக் கலியாணம். முகூர்த்தம், தாலி, பந்தி, எல்லாம் ஒழுங்கு. ஜாஸ் எண்டா பொண்ணும் மாப்பிள்ளையும் ஓடிப்போறது. மறுகா ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான் வருவாங்க. எந்த வழியால வருவாங்க எண்டு ஆருக்கும் தெரியாது."

அவன் எதையும் விட்டுவைத்ததில்லை. திருவிழாவில் எங்கள் கோயில் வண்ணக்கர், அதாவது நிருவாகத் தலைவர், ஒலிபெருக்கியில் ஆண்டுதோறும் ஒரே அறிவித்தலை ஒரே இழுவையில் செய்வார்: "அடியார்கள் செருப்புகளை வீதியில் கண்டபடி விட வேண்டாம்." அந்த ஆண்டு அவர் சொல்லி முடித்ததும் கூட்டத்தின் நடுவிலிருந்து சாக்சபோன் அதே வாக்கியத்தை ஊதியது. சொல் இல்லை, ஆனால் செருப்பு எங்கே வருகிறது, வேண்டாம் எங்கே இழுபடுகிறது என்பது குழந்தைக்கும் விளங்கியது. நாதசுர வித்துவான் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இது கோயிலா, கூத்துக் களரியா?" என்றார் வண்ணக்கர்.

சாக்சபோன் அதையும் ஊதிற்று.

"இவன்ட குழல் இனிக் கோயில் வீதிக்குள்ள வரப்படா."

"குழல் வராது ஐயா. சத்தம் வந்தா வாசலில நிண்டு புடிச்சு என்னட்டத் தாங்க."

மறுநாள் மாலை அவன் ஒரு தோணியை வாடகைக்குப் பிடித்துக் கோயிலுக்கு நேரே வாவியில் நிறுத்திக்கொண்டான். வண்ணக்கர் ஆள் அனுப்பினார். "வாவிக்கும் வண்ணக்கர் இரிக்காராகா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினான். அதன்பின் மாலைதோறும் என் பாட்டு ஒலிபெருக்கி வழியே நீருக்குப் போயிற்று. அவன் ஊதியது நீரின்மேல் கோயிலுக்கு வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. மறைப்பதற்கில்லை, சில இடங்களில் அழகாகவும் இருந்தது.

ஒருநாள் பத்தாம் பாட்டை நிறுத்தினேன். தூணருகே காப்பின் ஒலிக்காகக் காதைக் கொடுத்தேன். அப்போது வாவியிலிருந்து பதினோராம் பாட்டின் மெட்டு எழுந்தது. நடுவே குழலில் ஓர் ஆடு கத்தியது. ஓட்டமாவடி பஸ்ஸின் ஆரன் ஒலித்தது. வண்ணக்கரின் செருப்பும் ஒருமுறை வந்து போயிற்று. ஆனால் மெட்டு ஓரிடத்திலும் சிதையவில்லை. ஈற்றுச் சுரத்துக்கு முந்திய சுரம் வரை வந்து, அங்கே அறுந்தது. இறங்க வேண்டிய சுரம் இறங்காமல் கருக்கலில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நான் துறைக்குப் போய் அவன் கரையேறும்வரை நின்றேன்.

"ஏன்டா கடைசிச் சுரத்த விழுங்கிறாய்?"

"நீங்க ஒரு பாட்டையே விழுங்கிப் போட்டு இரிக்கீங்க. நான் ஒரு சுரம்தானே மச்சான்."

"அது கடைக்காப்பு. விளையாடுற சாமான் இல்ல."

"ஓம், கடைக் காப்புத்தான்." தோணிக் கயிற்றைக் கட்டியபடியே சொன்னான். "அக்காட கையில கிடந்தது நான் கடையில வாங்கின காப்பு. அவட வாயில கிடந்தது நீங்க படிப்பிச்ச காப்பு. ரெண்டும் அவவக் காக்கல்ல. நாம ரெண்டு பேரும் போலிச் சாமான் வித்த யாவாரிகள்."

வேறு எவர் சொல்லியிருந்தாலும் அன்றோடு பேச்சு அற்றிருக்கும். அவன் சிரித்தான். என்னை அறியாமல் நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது அவன் கோயில் பக்கம் திரும்பிப் பாராமலே கேட்டான்.

"அங்கதான் இரிக்காவா?"

"ஓம்."

"தூணடியிலயா?"

"ஓம்."

"நானும் அப்படித்தான் நினைச்சன். தோணியில இருந்து பாக்கக்குள்ள அந்த இடத்தில மட்டும் இருட்டுக் கொஞ்சம் கூட. அதான் கடைசிச் சுரத்த வைக்க ஏலாமக் கிடக்கு. வச்சா எழும்பிருவா."

அப்போதுதான் விளங்கியது. அவன் என்னைச் சீண்டியதெல்லாம், தன்னால் இயலாததை நான் செய்துவிடட்டும் என்பதற்காகவே.

"மச்சான்," என்றான் பிறகு. "அக்காக்கு முழங்கால் நோ. எவ்வளவு காலமா வெறுங்கல்லில இருத்தி வச்சிரிக்கம்."

"நீ முதல்ல முடி."

"நீங்க பெரியாள். நீங்க முடிங்க."

அந்த வழக்கு அவன் இறக்கும்வரை தீரவில்லை. மாலைதோறும் நான் பத்தில் நின்றேன். அவன் ஒரு சுரம் குறைய நின்றான். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாதி அவனை மூச்சை ஆழ இழுக்கச் சொன்னாள். "மிஸ்சி, ஆயுசு முழுக்க அதத்தான் செஞ்சன், அப்ப எல்லாரும் நிப்பாட்டச் சொன்னாங்க," என்றான். அவள் போனபின் என் கையைப் பிடித்தான்.

"நான் போனதுக்குப் பிறகும் பத்தோட நிப்பாட்டிப் போடாதீங்க. அந்தத் தூணில ரெண்டு பேர் சாய ஏலாது."

இவ்வளவும் காலையில் எழுதினேன். இனி எழுதுவது பூசை முடிந்து வீடு திரும்பியபின்.

பத்தாம் பாட்டை முடித்து நிறுத்தினேன். துறையில் அவனுடைய தோணி கவிழ்ந்து கிடந்தது. வாவியில் ஒலி இல்லை. நான் முடித்துவிட்டேன் என்று எண்ணி வண்ணக்கர் மணிக்கயிற்றில் கை வைத்தார். அந்த வெறுமையில் காப்பு கல்லில் உரசிற்று. அதோடு நீர்ப்பக்கமிருந்து இன்னொன்றும் கேட்டது: குழலை வாயில் வைக்குமுன் ஒருவன் மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி. இழுத்த மூச்சு வெளிவரவில்லை. அதை எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருப்பான்? கெட்டுப்போன நுரையீரல் அது.

நான் பதினோராம் பாட்டை எடுத்தேன். வண்ணக்கர் மணிக்கயிற்றை விட்டுவிட்டார். நெடுங்காலம் புழங்காத பாட்டு. நடுவே என் குரல் பிசகி ஆடு கத்துவதுபோல் ஆயிற்று. அவன் ஆட்டைக் கத்தவைத்த அதே இடம். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் நிறுத்தவில்லை. ஈற்றுச் சுரத்தை அது இறங்க வேண்டிய இடத்தில் இறக்கினேன். கண்ணை மூடாமல் தூணையே பார்த்துக்கொண்டு இறக்கினேன். காப்பு ஒருமுறை கல்லில் பட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறவரின் கை தூணைப் பற்றுவதுபோல். பின்னர் ஒலிக்கவில்லை. தூணடி எல்லா இடத்தையும் போன்ற இருட்டாக இருந்தது.

வீடு இன்று மிகவும் பெரிதாக இருக்கிறது. ஆனாலும் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும்.

இதை ஓதுவோரை இடர் அணுகாது என்று எழுத என் கை ஒப்பவில்லை. இடர் அணுகும் வேளையில் உங்கள் அருகே உங்களைச் சீண்டிச் சிரிக்கவைக்க ஒருவர் இருப்பாராக. தொடங்கிய பாட்டை முடிக்கும் மூச்சு உங்களுக்குக் கிட்டுவதாக. உங்களுக்காகக் காத்திருப்போர் வெறுங்கல்லில் நெடுநேரம் அமர்ந்திராமல் எழுந்து தம் இடம் சேர்வாராக. வாசித்த யாவரும் வாழ்க.