ரசம் என்றால் நாகலூர்

பக்கத்து எஸ்டேட்டின் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்டு, அவர்களுக்கு வரவேண்டிய ஆட்களை நான் தட்டிப் பறித்தேன்.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு நான் மேனேஜர். பக்கத்து எஸ்டேட்டைக் கணவரை இழந்த ரோஸி அம்மாள் நடத்தினார். காபிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காத காலம். எந்த ஊருக்கு லாரி அனுப்புவது என்று காலையில் தன் எஸ்டேட் கணக்கரான ரைட்டரிடம் வயர்லெஸில் சொல்வார். எங்கள் செட்டிலும் அது கேட்கும். அந்த ஊருக்கு என் லாரி முந்திப் போய்விடும்.

ஒரு நாள் வேலியோரம் போனபோது, அவர் மழையில் தனியாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். காலடியில் உதிர்ந்த பழங்கள் அழுகிக் கிடந்தன. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“ஏனுங்க, இத்தனை நாளா என்ர ஊட்டுப் பேச்சுலயா குடியிருந்தீங்க?” என்றார்.

பரிகாரமாக, வேறு யார் ஒட்டுக்கேட்டாலும் புரியாதபடி ஊர்களுக்கு ரகசியப் பெயர் வைத்துத் தந்தேன். ரசம் என்றால் நாகலூர், குழம்பு என்றால் கிளியூர்.

மறுநாள் என் லாரியை அனுப்பவில்லை. ஆனாலும் பழக்கம் விடாமல் செட்டைத் திருப்பினேன். “ரைட்டரே, இன்னைக்கு ரசமுங்க” என்றார். நாகலூர்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ரோட்டுக்கு வந்து பார்த்தால், கிளியூர் ரோட்டிலிருந்து ஆட்கள் நிறைந்த லாரி ஏறி வந்தது. முன்சீட்டில் ரோஸி அம்மாள்.

“பூட்டு நீங்க குடுத்ததுதானுங்க சார், சாவியை மட்டும் மாத்திப்போட்டனுங்க!” என்று கத்தினார்.

நடுரோட்டில் நின்று கைதட்டினேன். மீதமிருந்த பழம் முழுவதும் செடியிலிருந்து நேராகக் கூடைக்குப் போனது. அதன்பின் வயர்லெஸில் அவர் பேச்சு எனக்குப் புரிந்ததே இல்லை. அப்படிப் புரியாமல் போனதில்தான் எனக்கு நிம்மதி வந்தது.