வலி சொன்னவர் வடை வாங்க வேண்டும்

இந்த ஊரில் குளிர்காலத்தில் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் முதலில் உறைவது மூக்குமுடி. ஒரே ஒரு மூச்சு இழுத்தால் போதும், நாசிக்குள் யாரோ சின்னதாக முள்வேலி கட்டிவிட்டது போலிருக்கும். அடுத்தது இமை. கண்ணை அழுத்தி மூடினால் மேலிமையும் கீழிமையும் ஒட்டிக்கொள்ளும், கையுறையைக் கழற்றி விரலால் பிரித்துவிட வேண்டும். வின்னிபெக்கில் பதினாறு குளிர்காலங்களைக் கழித்துவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறை இமை ஒட்டும்போதும் 'போச்சு, கண் போச்சு' என்று ஒரு கணம் பதறத்தான் செய்கிறேன். பதறுவதில் மட்டும் எனக்கு அனுபவம் கூடவே மாட்டேன் என்கிறது.

இந்தக் கூத்தெல்லாம் நடப்பது மாலை ஐந்தரை மணிக்கு. அதற்குள் இங்கே நல்ல இருட்டு. அதே நிமிடத்தில் ராஜபாளையத்தில் மறுநாள் காலை ஐந்து மணி, அங்கேயும் இருட்டு. எனக்குச் சனிக்கிழமை முடிகிற வேளையில் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அந்த இரண்டு இருட்டுகளுக்கும் நடுவே ஒரு தொலைபேசிதான் எங்கள் பயிற்சி மைதானம்.

அங்கே ஒன்பது பேர் ஓடுகிறார்கள், எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் மொபெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறவன் என் நண்பன் குருசாமி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுடைய சட்டைப்பையில் சத்தமாகப் பேசும் தொலைபேசி. அதற்குள்ளே நான். எந்த நாள் எவ்வளவு தூரம், எந்த வேகம் என்று அட்டவணை போடுவது என் வேலை, அதைக் கத்திச் செய்ய வைப்பது அவன் வேலை. நானும் அதே நேரத்தில் இங்கே ஓடுவேன் என்பது ஒப்பந்தம். பக்கத்தில் ஓடாமல் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்துகொண்டு 'ஓடு ஓடு' என்று சொல்கிற கோச்சை எந்தப் பிள்ளை மதிக்கும்?

குருசாமியும் நானும் அதே சாலையில் ஓடியவர்கள்தான். பள்ளி முடித்த வருடம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பதினான்கு பேர் சேர்ந்து, இருட்டோடு கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி ஓடுவோம். மடவார்வளாகம் வந்ததும் ஒரு டீக்கடை. எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வழியில் எவன் வாயிலிருந்தாவது 'வலிக்கி' என்ற சொல் வந்தால், அவன்தான் அன்றைக்கு எல்லாருக்கும் வடை வாங்க வேண்டும். வடை வாங்கக் காசு எவனிடம் இருந்தது? ஆகவே வலி எவனுக்கும் இல்லை. ஒருவன் கால் நகம் பெயர்ந்து ரத்தத்தோடு ஓடி முடித்துவிட்டு, 'செருப்பு கடிச்சிருச்சி' என்றான். அவன் ஓடியது வெறுங்காலில். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். அதை வீரம் என்றும் நம்பினோம்.

ஓட்டத்தில் நான் குருசாமிக்கு முன்னால் வந்தேன். ஆனால் மருத்துவச் சோதனையில், ஈரக்காலோடு தரையில் நிற்கச் சொன்னார் ஒருவர். என் பாதச் சுவடு இட்லித்தட்டு போல முழுசாகப் பதிந்தது. தட்டைப்பாதம், தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். குருசாமி நாட்டைக் காக்கப் போனான். நான் கொஞ்ச காலம் மில்லில் இருந்துவிட்டு நாட்டைவிட்டே போனேன். இங்கே எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் குழாய், கொதிகலன், பூட்டு எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தியர்.

மூன்று வருடங்களுக்கு முன் குருசாமி பிள்ளைகளைச் சேர்த்து ஓட வைக்கத் தொடங்கியபோது அந்த வடைச் சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்தான். தொலைபேசியில், நல்ல ஏற்ற இறக்கத்தோடு, நகம் பெயர்ந்தவன் கதையையும் சேர்த்து. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அது அவர்கள் சட்டமும் ஆயிற்று.

அந்த ஒன்பது பேரில் பேச்சியம்மாள் செட்டியார்பட்டிக்காரி. பதினேழு வயது. விடியுமுன் சைக்கிளில் வந்து சேர்ந்து, பிறகுதான் ஓடுவாள். மூவாயிரம் மீட்டரில் அவளுக்குச் சமமாக எங்கள் பக்கம் யாரும் இல்லை. ஜனவரி கடைசியில் மதுரையில் ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறினால் விளையாட்டு விடுதியில் இடம், கூடவே கல்லூரிப் படிப்பு. தேறாவிட்டால் அவளுடைய அக்கா போகிற மில்லுக்கு அவளும் போவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். கெட்ட வீடு இல்லை. கஷ்டப்பட்ட வீடு, அவ்வளவுதான்.

தினமும் ஓடத் தொடங்குமுன் அவள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இன்னைக்கு அங்க எம்புட்டு?" என்பது.

"மைனஸ் இருபத்தி ரெண்டு தாயி."

"அம்புட்டுலயும் ஓடுதீயளா?"

"பின்னே? படுத்துக் கெடந்தா நீ சும்மா விடுவியா?"

பிறகு, பனியில் என் கால் விழும் சத்தத்தைக் கேட்பாள். கடுங்குளிரில் உறைபனி காலடியில் நறநறவென்று அரைபடும், அப்பளத்தை மிதிப்பது போல. அந்தச் சத்தம் குருசாமியின் சட்டைப்பைக்குள்ளிருந்து வருவது பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டுகிற ஊர் அது. அங்கே நான் இமயமலை ஆளாகிப் போனேன்.

டிசம்பர் நடுவில் ஒரு மாலை, இவர்கள் பிளாக் ஐஸ் என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் கால் வைத்தேன். வைத்த கால் எனக்கு முன்னால் போயிற்று. மல்லாந்து விழுந்ததில் இடுப்பில் ஏதோ முறிந்தது போலிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரன் இப்படியே கிடந்தால் எத்தனை நிமிடத்தில் விறைப்பான் என்று கணக்குப் போட்டேன். என் உடலை ஊருக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் பனி உருகி மதுரை விமான நிலையத்தில் சொட்டுமா என்றுகூட யோசித்துவிட்டேன். ஒன்றும் முறியவில்லை. இரண்டு நிமிடத்தில் எழுந்து நொண்டிக்கொண்டே வீடு சேர்ந்தேன். காதில் குருசாமி, "ஏலே, என்னலே சத்தம்?" என்றான். "நாய் தொரத்துச்சிலே," என்றேன். மைனஸ் இருபத்தைந்தில் எந்த நாய் வெளியே வரும்?

மறுநாள் கதவு வரைக்கும் போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். கால் வரவில்லை. வலியால் அல்ல, பயத்தால். 'இன்றைக்கு எனக்கு இடுப்பு வலி, ஓடவில்லை' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் வடை வாங்குகிறவனாக நிற்க எனக்கு மனமில்லை. அடித்தளத்தில் இருக்கும் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். சாவி என்னிடம்தானே இருக்கிறது. காயப்போட்ட ஈர டீசட்டை ஒன்று காதில் உரச, அந்த அறையின் சூட்டில், துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே ஓடினேன். மூச்சு வாங்குவதை மட்டும் கொஞ்சம் தாராளமாக வாங்கினேன். "எம்புட்டு சார்?" என்றாள் பேச்சி. "மைனஸ் இருபத்தெட்டு," என்றேன். அது மட்டும் உண்மை.

ஒரு நாள் என்பது ஒரு வாரமாகி, பொங்கல் வரை நீண்டது. மூன்றாம் மாடியில் இருக்கும் வயதான உக்ரைன்கார அம்மாள் ஒருநாள் துணிக்கூடையோடு வந்து, நான் தரையை மிதித்துக்கொண்டு தமிழில் கத்துவதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "எலியா?" என்று கேட்டார். இந்தியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகளும் இல்லை, ஓட்டமும் இல்லை. மறுநாள் என் வாசலில் ஒரு எலிப்பொறியை வைத்துவிட்டுப் போயிருந்தார். என் பொய்யை நம்பாத ஒரே ஆள் அவர்தான் என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மடவார்வளாகம் வரை ஓடிவிட்டு, வடையும் டீயும் சாப்பிட்டுப் பேருந்தில் திரும்புவார்கள். ஒரு மணி நேரம் போல ஓடியிருப்பார்கள். தொலைபேசியில் சீராக வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் சட்டென்று குலைந்தது. மொபெட் நின்றது. குருசாமி கத்தினான்: "ஏட்டி, என்னட்டி? எந்திரி. பேச்சி!"

ஒரு பையனின் குரல்: "கால் மடங்கிருச்சி மாமா, உக்காந்துட்டா."

"எம்புட்டு நாளாட்டி வலிக்கி? உண்மையச் சொல்லு."

நான் துவைக்கும் அறையில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றிருந்தேன். அந்தப் பெண்ணின் குரல் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தேய்ந்து வந்தது. "மூணு வாரம். சார் மைனஸ் இருபத்தெட்டுல ஓடுதாவ. நான் இதப் போயிச் சொல்லவா?"

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு என்னிடம் நியாயம் இல்லை. படியேறி, கதவைத் தள்ளி, பனியன் மேல் ஒரு டீசட்டை, காலில் ரப்பர் செருப்பு என்ற கோலத்தில் தெருவில் ஓடினேன். ஒரு மாதமாக வராத கால் இப்போது வந்தது. எங்கே ஓடுகிறேன் என்று தெரியவில்லை. முனை திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் சாலை வந்துவிடும், அவளைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. பேருந்து நிறுத்தம் வரை போய், மூச்சு முட்டி, அதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை முடிந்து வந்த பேருந்திலிருந்து என் மனைவி இறங்கினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன, ராசபாளையம் பஸ் இன்னும் வரலியா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் சால்வையைக் கழற்றி என் தலையில் சுற்றினாள்.

பேச்சியின் கணைக்கால் எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் மருத்துவர். மதுரைத் தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் பத்து நாள் ஓய்வில் சரியாகியிருக்கும் என்றும் சொன்னாராம். அந்த வாக்கியத்தைக் குருசாமி என்னிடம் இரண்டு முறை சொன்னான்.

அன்றே பேச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விழுந்தது, பயந்தது, துவைக்கும் அறை, எலிப்பொறி. எலிப்பொறியில் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அது ஒன்றுதானே தெரியும். அவள் சிரிக்கவில்லை.

"பனிச் சத்தம் ஒரு மாசமா கேக்கல சார்," என்றாள். "டெய்லி ஓடி ஓடி ஒங்க பாதை தேஞ்சி வழவழன்னு ஆயிருச்சின்னு நெனச்சேன்."

அந்த வரியோடு நான் பல நாள் படுத்து எழுந்தேன். என் பொய்யை அவள் கண்டுபிடிக்கத்தான் செய்திருக்கிறாள். கேளாத சத்தத்துக்கு என் பக்கம் நின்று தானே ஒரு காரணமும் செய்துகொண்டாள்.

உனக்குமா தெரியவில்லை என்று குருசாமியிடம் கேட்டேன். "லடாக்குல நாலு வருசம் கெடந்தவன்லே நான்," என்றான். "குளிருல ஓடுறவன் மூச்சு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். புள்ளைக ஒன்னயச் சொல்லிச் சொல்லி ஓடுதுகளேன்னு வாய மூடிக்கிட்டேன். நீ ஒருத்தன் மட்டும் குத்தவாளி இல்லலே."

தேர்வு நாள் வந்தது, போயிற்று. அவள் போகவில்லை. அவளுடைய அம்மாவிடம் நானே பேசி, தப்பு என்னுடையது, பிள்ளையை மில்லுக்கு அனுப்ப ஒரு வருடம் பொறுங்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாக, "பன்னண்டாப்பு முடியட்டும், பாப்போம். ஒங்களயும் பாப்போம்," என்றார். வயது இன்னும் ஒரு முறைக்கு இடம் கொடுக்கிறது. வீடு கொடுக்குமா என்பது தெரியாது. இதை எழுதும் இன்று வரை தெரியாது.

காலில் கட்டோடு பேச்சி இப்போதும் வருகிறாள், அண்ணனின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து. மொபெட்டின் பின்னிருக்கையில் ஏறி, நேரம் குறிக்கிறாள். கூட்டத்துக்குப் புதுச் சட்டம் போட்டதும் அவள்தான். வலியை மறைத்தவர்தான் இனி வடை வாங்க வேண்டும். முதல் தண்டனை எனக்கு. நான் பணம் அனுப்ப, போன ஞாயிறு மடவார்வளாகத்தில் எல்லாருக்கும் வடை.

அப்போது நான் ஆற்றங்கரைப் பாதையில் நின்றிருந்தேன், ஓடி முடித்து. பத்து நிமிட ஓட்டம், மீதி நடை. இடுப்பு வலித்தது. வலிக்கிறது என்று சொன்னேன். குளிர் எம்புட்டு என்று பேச்சி கேட்டாள், மைனஸ் பத்தொன்பது என்றேன். "நில்லுங்க சார், கால எடுத்து வையுங்க," என்றாள். வைத்தேன், நறநறவென்றது. "ம்," என்றாள்.

அந்தப் பக்கம் விடிந்துகொண்டிருந்தது. டீ கிளாஸ்கள் இடிபடும் சத்தம், பேருந்தின் ஹாரன், யாரோ சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்னும் சத்தம். என் பங்கு வடையை என்ன செய்தீர்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

"பேப்பர்ல வச்சி மொபெட் சீட்டு மேல வச்சிருந்தேம்லே," என்றான் குருசாமி. "இப்பத்தான் காக்கா தூக்கிட்டுப் போச்சி."

"ஏலே, நான் இன்னும் சாகலலே!" என்றேன். அங்கே எல்லாரும் சிரித்தார்கள், பேச்சியும் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்டேன்.

நான் இருட்டில் நின்றுகொண்டு, அந்தக் காகம் எந்தப் பக்கம் பறந்தது என்று கேட்டேன். மேற்கே, மலையைப் பார்த்து, என்றார்கள். அதைப் பார்க்கக் கண்ணை மூடினேன், இமைகள் ஒட்டிக்கொண்டன. உடனே பிரிக்கவில்லை.