கொதிகலனை விட்டுக் கடைசியாக ஏறி வந்தவர்

நனைந்த நிலக்கரியின் மணமே எனக்கு என் தந்தையாரின் மணம். அவர் வேலை செய்த கப்பலில் இருந்தவர் எத்தனை பேர் என்று சொல்லப் புகுவோரின் வாயில் எண்ணிக்கை எப்போதும் கூடிக்கொண்டே போவதால், நான் கண்ணால் கண்டதையும் என் தாயார் பின்னாளில் உறுதி செய்ததையும் தவிர வேறெதையும் இங்கே எழுதவில்லை.

பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய சிறிய நீராவிக் கப்பலொன்றில், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் "பயர்மேன்" வேலை அவருக்கு. கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமில் நின்றால் மாலை ரயிலேறிக் கிள்ளானிலிருந்த எங்கள் வீட்டுக்கு அவரே வந்துவிடுவார். நான் சொல்லப்போகும் நாள் வரை நாங்கள் துறைமுகத்துக்குப் போனதேயில்லை.

ஒருமுறை, பினாங்கில் நின்றபோது அந்தக் கப்பலின் நீராவிக் குழாய் வெடித்துப் பயர்மேன் ஒருவர் வெந்துபோனார் என்னும் செய்தி, கப்பலுக்கு முன்பே ரயிலில் வந்து சேர்ந்தது. பெயர் மட்டும் வரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு விரைந்தார்.

கப்பல் கட்டப்பட்டு, ஏணி இறங்கியது. மேல்தளத்து மலாய் மாலுமிகள் கயிறுகளைச் சுருட்டிவிட்டுச் சிரித்தபடி இறங்கினார்கள். சமையற்காரரும் கூடையோடு இறங்கினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஏணி வெறுமையானதும், கப்பலில் இருந்தவர்கள் அவ்வளவுதான் என்று எண்ணிக் கரி மூட்டைகளின் மீது அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் நின்று பார்த்தார்.

"யாரு வேணும், அக்கா?"

"பயர்மேனு... எல்லாரும் எறங்கிட்டாங்களே!"

"சாபார் லா அக்கா, கொஞ்சம் பொறு. அவங்க நெருப்ப அடக்கிட்டுத்தான் மேல வருவாங்க. கடைசியாத்தான் வருவாங்க."

நெடுநேரம் கழித்து, தளத்தின் நடுவிலிருந்த இரும்புக் கதவு திறந்து, கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்த மனிதர்கள் சிலர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி வெளிவந்தார்கள். அவர்களுள் கடைசியாக வந்தவர் எங்களைக் கண்டு திகைத்தார்.

"என்னடி, குடும்பத்தோட வந்து நிக்கிற? யாரு செத்துட்டா?"

"வாயக் கழுவுங்க மொதல்ல," என்றார் அம்மா, பிறகுதான் அழுதார்.

வெந்தவர் தந்தையாருடன் வேலை செய்த சீனர். பினாங்கு மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவருடைய முறைக்கும் சேர்த்துத் தந்தையாரே வழி நெடுகக் கரி போட்டிருக்கிறார். வீடு திரும்பும் ரயிலில் உட்கார்ந்தபடியே தந்தையார் உறங்கிப்போக, நிமிர்த்த முடியாமல் மடங்கியிருந்த அவர் விரல்களை அம்மா மடியில் வைத்து ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே வந்தார். கீழே கொதிகலன் அறையில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று மறுநாள் தந்தையாரிடம் கேட்டேன். "நெருப்பு எத்தன பேரக் கேக்குதோ அத்தன பேரு," என்றார்.

அந்தத் துறைமுகத்துக்கு இன்று வேறு பெயர். கரிக் கப்பல்கள் இல்லை. அந்தக் கப்பலின் படமொன்று என்னிடம் இருக்கிறது; மேல்தளத்தில் நிற்பவர்களை அதில் எண்ணிவிடலாம். கீழே இருந்தவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது.