எழுபத்திரண்டு விழுக்காட்டில் நின்ற டிவிடி

என் மடிக்கணினி பழையது. பக்கவாட்டில் டிவிடி போடத் தட்டு வைத்து வந்த காலத்துப் பொருள். வேலையிடத்தில் அதை எடுத்து வைத்தாலே சிரிப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது, புதிதாக ஒன்றைப் பழகிக்கொள்ளப் பொறுமையும் கிடையாது. அதனால்தான் பெரியம்மாவின் வேலை என் தலையில் விழுந்தது.

பெரியம்மா, என் அம்மாவின் அக்கா, மலாக்கா பக்கம் ரெம்பியா என்ற ஊரில் தனியாக இருக்கிறார். பெரியப்பா தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் எங்கள் வீடு இருக்கும் ஆயர் குரோவிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியம்மா கேட்டார்.

"ஒன் தங்கச்சி கல்யாணத்துல வீடியோ எடுத்தீங்கள்ல, அது இருக்கா?"

"இருக்கு பெரியம்மா. என் லேப்டாப்புல கெடக்கு."

"அதுல அவரு வர்றாரா?"

"வருவாரு. எங்கயாச்சும் ஒரு மூலையில."

கூடத்தில் மாலை போட்ட படத்தைக் காட்டினார். "மொகம் படத்துல இருக்கு. நட மறந்து போச்சுடா. எப்படி நடப்பாருன்னு கண்ண மூடிப் பாக்கறேன், வரமாட்டேங்குது. அத ஒரு தடவ பாத்தாப் போதும்."

கைப்பேசியில் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "போன்ல போட்டா ஒவ்வொரு தடவையும் எவனையாச்சும் கூப்புடணும்லா. டிவிடியில போட்டுக் குடு. நானே போட்டு நானே பாத்துக்கறேன்." அவரிடம் பழைய தொலைக்காட்சியும் ஒரு டிவிடி பெட்டியும் உண்டு. அந்த வீட்டில் யார் துணையும் இல்லாமல் அவர் இயக்கும் இயந்திரம் அது ஒன்றுதான்.

ஒரு மணி நேர வேலை, அடுத்த ஞாயிறு கொண்டுவந்து தருகிறேன் என்று பீற்றிக்கொண்டேன்.

வெற்று டிவிடி வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் தூசி தட்டித்தான் கொடுத்தார். மறுநாள் வேலை விட்டு வந்ததும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். காணொளியை டிவிடி பெட்டிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும், பிறகு டிவிடி தட்டில் பதிய வேண்டும். இரண்டையும் ஒரே மென்பொருள் தொடர்ச்சியாகச் செய்துவிடும். ஓட விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எழுபத்திரண்டு விழுக்காட்டில் எல்லாம் உறைந்து கிடந்தது. சுட்டி அசையவில்லை. எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். தட்டு வீண்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பதியும் வேகத்தைக் குறைத்தேன். இணையத்தைத் துண்டித்தேன். வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன். யாரோ எங்கோ எழுதிவைத்ததை நம்பி மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒரு நாள் அறுபதில் நின்றது, ஒரு நாள் எண்பதைத் தாண்டி ஆசை காட்டிவிட்டு நின்றது. வீணான தட்டுகளை அம்மா நூல் கட்டிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டார், அணில் வராதாம். அந்த மரம் மின்ன மின்ன எனக்கு எரிச்சல் ஏறியது.

பெரியம்மா ஞாயிறுதோறும் அம்மாவுக்கு அழைப்பார். முதல் வாரம் என்னிடம் கொடுக்கச் சொல்லி, "ஆயிடுச்சாடா?" என்றார். இரண்டாம் வாரம், "அவசரமில்லடா, மெதுவா செய்," என்றார். மூன்றாம் வாரம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த மூன்றாம் வாரம்தான் எனக்கு உறைத்தது.

மலாக்கா டவுனில் கணினி பழுது பார்க்கும் ஒரு சீனரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால், "ஓகே லா போஸ், எதுவும் ரோசாக் இல்ல," என்று, பழுது என்பதற்கு மலாய்ச் சொல்லைக் கலந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். சோதனைக்காக அவர் என் மடிக்கணினியிலேயே ஒரு காண்டனீஸ் மொழிச் சண்டைப் படத்தை அதே மாதிரி மாற்றிப் பதிந்திருந்தார். ஒரு தடங்கலும் இல்லை. அந்தத் தட்டையும் கையில் கொடுத்தார். என் காணொளியையும் அங்கேயே பதியச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வறட்டுக் கௌரவம் விட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து மறுபடி ஓட விட்டேன். அறுபத்தெட்டில் நின்றது.

அப்போது பயந்தேன். இயந்திரத்தில் குறை இல்லையென்றால் குறை காணொளியில்தான் இருக்க வேண்டும். அது உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தால் வேறு பிரதி கிடையாது. பெரியம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடி, கோபத்தில் மடிக்கணினியை வெடுக்கென்று தூக்கினேன். அடியில் விரல் பட்டதும் சுரீரென்றது. கீழே இருந்த துண்டு, அப்போதுதான் இஸ்திரி போட்டது மாதிரி கொதித்தது.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் படிப்புச் சாமான் வெறுந்தரையில் இருக்காது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். மடிக்கணினி வாங்கிய நாளில் அம்மா அதையும் புத்தகக் கணக்கில் சேர்த்துவிட்டார். தரையில் வைத்தால் உடனே ஒரு தடித்த துண்டை நாலாக மடித்து அடியில் செருகுவார். அவர் இல்லாதபோது நானே மடித்துப் போடுவேன், யோசிக்காமல். மூன்று வாரமாக உலகத்து மூலையிலிருக்கும் யார் யாரையோ கேட்டவன், என் கையாலேயே அதன் சூடு வெளியேறும் மூச்சுத்துளைகளை அடைத்துவிட்டு, ஏன் திணறுகிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சீனர் அதை வெறும் இரும்பு மேசையில் வைத்து ஓட்டியிருக்கிறார்.

"எல்லாம் இந்தத் துண்டாலதான்மா!" என்று கத்தினேன்.

"ஏன்டா, நானா தெனம் மடிச்சேன்? நீயுந்தானே மடிச்ச?" என்றார் அம்மா. உண்மைதான்.

"அப்ப தரையிலயே வைக்கட்டுமா?"

"வச்சுப் பாரு," என்று முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். தீபாவளிக்குக் கேக் ஆற வைக்கும் கம்பித் தட்டோடு வந்தார். அதன் கால்கள் உயரம், அடியில் காற்று தாராளமாகப் போகும். மடிக்கணினியை அதன்மேல் ஏற்றினோம். தரையையும் தொடவில்லை, மூச்சும் அடைபடவில்லை. இந்த முறை நான் குளிக்கப் போகவில்லை. எழுபத்திரண்டு வந்தபோது அம்மாவும் குனிந்து பார்த்தார். தாண்டியது. நூறு ஆனதும் தட்டு தானாக வெளியே வந்தது. எனக்குச் சந்தோஷம் என்பதைவிட அசதிதான் அதிகமாக இருந்தது.

அந்த ஞாயிறு ரெம்பியா போனோம். பெரியம்மா தட்டை என்னிடமிருந்து வாங்கித் தானே போட்டார். தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். மண்டபத்து வாசலில் வாழைமரத் தோரணத்தைப் படம் பிடித்திருந்தார்கள். அதன் ஓரத்தில், கார் நிறுத்தும் இடத்திலிருந்து பெரியப்பா நடந்து வந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால், இடது தோள் கொஞ்சம் இறங்கி, விறுவிறுவென்று.

"இந்தா, இதான். இதேதான்," என்று பெரியம்மா சத்தமாகச் சிரித்தார். "போறதப் பாரு. பொண்டாட்டி ஒருத்தி பின்னால வர்றாளேன்னு ஒரு நாளாச்சும் நின்னுருப்பாரா? எங்க போனாலும் இதே கததான்."

திரையில் பெரியம்மா வெகு பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சீர்த்தட்டு, மறு கையில் சேலைக் கொசுவம், கண் தரையில். படியருகே போன பெரியப்பா நின்றார். திரும்பினார். பெரியம்மா வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா கிட்ட வந்து தலையை நிமிர்த்தும் நேரத்துக்குச் சட்டென்று திரும்பிப் படியேறினார். வாசற்கதவுக்கு முன்னாலும் அதே மாதிரி நின்று, பார்த்து, பெரியம்மா நிமிர்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

பெரியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டி, பெரியப்பா திரும்பி நிற்கும் இடத்தில் நிறுத்தினார்.

"இதுக்குத்தானே நான் தெனம் சண்ட போட்டேன்," என்றார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. "நின்னு பாத்துட்டுத்தான் போனேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று திரையில் நின்றவரிடம் கேட்டார்.