மகளிடம் கத்தாத அப்பா

அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பள்ளி விட்டு வந்து கூட நிற்கும் சின்ன மகள் எதைக் கேட்டாலும், அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்வார்.

"ஒருநாள்கூட அதட்ட மாட்டீங்களா?" என்று அதே பஸ்ஸுக்கு நிற்கும் நான் கேட்டேன்.

"அதட்டினா பயந்துகினு எதையுமே கேக்காது சார்."

போன மாதம் பஸ் அவர்கள் ஊரை நெருங்கியபோது, சுரங்கக் கம்பெனி எடுத்துக்கொண்ட அவருடைய நிலத்தில் இயந்திரம் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது.

"அப்பா, நம்ம வயல ஏன் தோண்டறாங்க?"

அவள் மறுபடி கேட்டாள்.

"வாய மூடிகினு உக்காரு!" என்று கத்தினார்.

குழந்தை அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மாமா," என்றாள்.

அதே சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் நான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.