மாடசாமி இடுப்பில் இரண்டு பெல்ட் பிளேட்

போன வெள்ளிக்கிழமை என் அத்தான் மாடசாமியிடம் தோற்றுவிட்டு வந்தார்.

அத்தான் என்றால் அக்காள் வீட்டுக்காரர். பாளையங்கோட்டையில் பேங்க் உத்தியோகம். அவருக்கு ஒரு நோய் உண்டு... வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளச் சின்னங்களைச் சேர்ப்பது. தொப்பி பேட்ஜ், பட்டன், முக்கியமாக பெல்ட் பிளேட் – சிப்பாய்கள் மார்புக்குக் குறுக்கே போட்ட தோல் வாரில் மாட்டும் பித்தளைத் தகடு. நடுவில் ரெஜிமென்ட் நம்பர் இருக்கும்.

பட்டாளத்தோடு அவருக்கு உள்ள ஒரே சம்பந்தம், காலேஜ் என்.சி.சி.யின் முதல் பரேடிலேயே மயங்கி விழுந்ததுதான். அதனால் என்ன? மேலப்பாளையம் பழைய இரும்புக் கடைகளில் இன்று அவருக்கு ஜெனரல் மரியாதை! அவரிடம் இருந்த ஒரு பிளேட்டை வெறும் கையால் தொட யாருக்கும் அனுமதியில்லை. பிள்ளைக்கு வாங்கிய ஃபிளானல் துணியில் சுற்றி வைத்திருந்தார். திருநெல்வேலி வெயிலில் பிள்ளைக்கு எதற்கு ஃபிளானல்?

அதே நம்பரில் இன்னொரு பிளேட், ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு கிராமத்துக் காவல் தெய்வம் மாடசாமியின் சிலை இடுப்பில் இருப்பதாகத் தகவல் வந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, ஊட்டியில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு கர்னலிடம் கேட்டார். ஜோடியாகக் கிடைத்தால் விடாதே என்றாராம். போதாதா?

பதிலுக்குக் கொடுக்க ஒரு வெண்கல மணி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். மணி என் மடியில்.

"அங்கன எண்ணெயும் மஞ்சளும் பட்டு வீணாப் போவுது மாப்ளே. அருமை தெரிஞ்சவன்கிட்ட இருந்தாத்தான் பத்திரம்" என்றார் அத்தான்.

சேகரிப்பவர்கள் யாரும் 'எனக்கு ஆசை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருமே பத்திரப்படுத்துகிறார்கள்!

கோயில் பூசாரி மணியைச் சந்தோஷமாக வாங்கி உடனே கட்டித் தொங்கவிட்டார். தகட்டைக் கேட்டதும்தான் முகம் மாறியது.

"சாமிக்கு உள்ளத எப்படித் தர? வேணும்னா நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று இடுப்பிலிருந்து கழற்றி, சாமி பீடத்தில் வைத்தார்.

அத்தான் ஃபிளானலைப் பிரித்தார். தன் பிளேட்டையும் பீடத்தில் பக்கத்திலேயே வைத்து, லென்ஸோடு குனிந்தார். அதே நம்பர், அதே வேலைப்பாடு.

"அச்சு அசல் மாப்ளே!" கண்ணில் தண்ணீர். தன்னுடையதைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி செய்யுதிய? பீடத்துல வச்சத எடுக்கக் கூடாதுல்லா."

"ஏய்யா, நான் ஒத்துப் பாக்கத்தானே வச்சேன்!"

"போன கோயில் கொடைக்கு ஒருத்தர் வாட்ச்சக் கழட்டி வச்சிட்டுத்தான் கும்பிட்டாரு. அன்னா பாருங்க."

மாடசாமியின் மணிக்கட்டில் வாட்ச். ஓடிக்கொண்டு வேறு இருந்தது.

"நாந்தான் தெனமும் சாவி குடுக்கேன்" என்றார் பூசாரி.

அத்தான் கெஞ்சினார், வாதாடினார், தொல்பொருள் சட்டம் வரை போனார். எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாமே என்கிறீர்களா? மாடசாமியின் அரிவாளை நீங்கள் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, ஊர்க்காரர்கள் வேறு சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூசாரி இரண்டு பிளேட்டுக்கும் வெறும் கையாலேயே எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, சாமி இடுப்பில் ஜோடியாகக் கட்டினார்.

"கவலப்படாதிய அண்ணாச்சி. இங்கன பத்திரமா இருக்கும்."

உண்மையைச் சொன்னால், எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வெறும் ஃபிளானலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அக்காளிடம் நான்தான் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். அது நிறைய அத்தானின் பித்தளை. அவளுடைய சேலைகளெல்லாம் கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டியில்.

"மிச்சத்தையும் ஒருநா கொண்டுபோயி ஒத்துப் பாத்துட்டு வந்திருங்களேன்!"